குப்புற விழுந்தவர்களின் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு அறிவுக்கரசு அண்ணன் விழுந்தார். அறுபதடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், மே மாத வெயிலில், இடுப்பெலும்பு முறிந்து, அசைய முடியாமல் குப்புறக் கிடந்தார். ஆள் விழுந்தால் ஊரைக் கூட்டுவதற்கென்றே அவர் இடுப்பில் ஒரு பெல்ட் மாட்டியிருந்தது. அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? “மரியாதை செலுத்துகிறார்” என்று எழுதிக்கொண்டிருந்தது.

அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். என் பெயர் கோபிகா. நகராட்சிக் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்க்கிற வேலை. எந்த நகராட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

பெல்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக நின்று வேலை பார்க்கிறவர்கள் எங்கள் ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், பம்ப் ஹவுஸ் பார்க்கிறவர், தெருவிளக்கு மாட்டுகிறவர், மின் தகன மேடையில் நிற்கிறவர் என்று பலவகை. விழுந்தால் பக்கத்தில் தூக்க ஆளில்லாதவர்கள். ஆள் விழுந்ததும் பெல்ட், “விழுந்துட்டீங்களா?” என்று கேட்கும். எட்டு விநாடிக்குள் “இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று பதில் வராவிட்டால், பெரியாஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்து ஒரு கட்டில் தானாகவே பறந்து கிளம்பி, நாலே நிமிடத்தில் வந்து, ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடும். அரசாணையில் அதற்கு நாக்கு சுளுக்குகிற பெயர் ஒன்று உண்டு. ஊருக்குள் அது ‘பறக்குற கட்டில்’தான்.

நல்ல இயந்திரம். குறையே சொல்ல முடியாது, திறப்பு விழா வரைக்கும்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். கார்க் கதவு திறந்து அவர் செருப்பு தெரிந்ததுதான் தாமதம், முன் வரிசையில் நின்ற நாற்பது பேர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். நாற்பது பெல்ட்டும் ஒரே குரலில் “விழுந்துட்டீங்களா? விழுந்துட்டீங்களா?” என்று அலறின. ஒருத்தராவது பதில் சொல்ல வேண்டுமே! “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லவா அவர்கள் விழுந்தார்கள்? எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்க விழுந்தவர்கள் அவர்கள். எட்டு விநாடி முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தது ஆறு கட்டில். ஆறும் வந்துவிட்டன. சங்கச் செயலாளர் போனார், தெருவிளக்குக்காரர் மூன்று பேர் போனார்கள், பெல்ட்டே போடாத நகராட்சித் துணைத் தலைவர்கூட, பக்கத்தில் படுத்திருந்த பாவத்துக்காகப் போய்விட்டார். அங்கே பெயரைக் கேட்பதற்கு முன்பே அவருக்கு குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள்.

அமைச்சர் அன்றைக்கு மேடையேறவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பொறியாளர் சௌந்தரபாண்டியன் சார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“ஏம்மா கோபிகா, என்னம்மா இது, மரியாதை தெரியாத மெஷினா இருக்கு?”

“மெஷினுக்கு என்ன சார் தெரியும்? நின்னா நின்னான்னு சொல்லும், விழுந்தா விழுந்தான்னு சொல்லும்.”

“அப்ப அதுக்குச் சொல்லிக்குடு. தவறி விழுதவனுக்கும் மரியாதைக்கு விழுதவனுக்கும் வித்தியாசம் இருக்குல்லா? குப்புற, கை ரெண்டும் தலைக்கு மேல நீட்டி, நெத்தி தரையில. அப்படிக் கெடந்தா அது மரியாதை. அம்புட்டுதான்.”

“தவறி விழுறவனும் கையை நீட்டித்தான சார் விழுவான்?”

“உனக்கு வாய் ஜாஸ்தி,” என்றார். விவாதம் முடிந்தது.

இரண்டு வாரம் உட்கார்ந்தேன். திரையில் ஒரு குச்சி மனிதன் விழுவான். மரியாதை என்றால் ஒரு பொத்தான், விபத்து என்றால் இன்னொரு பொத்தான். மூவாயிரம் முறை விழுந்தான், மூவாயிரம் முறை அழுத்தினேன். முதல் நூறுக்குக் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். அப்புறம் இடது கையில் முறுக்கு, வலது கையில் பொத்தான். கை நீட்டியிருந்தால் மரியாதை, போ. அடுத்தது.

கடைசி நாளில் சௌந்தரபாண்டியன் சார் மேலும் இரண்டு திருத்தம் சொன்னார்.

“மரியாதை நேரத்துல பெல்ட் பேசக் கூடாது. பெரிய மனுஷங்க கால்ல கெடக்கும்போது இடுப்புல இருந்து ஒண்ணு கத்துனா அசிங்கம். அப்புறம், அந்த மைக்கையும் மூடிரு. கால்ல விழுந்து ஆயிரம் கேப்பான், டிரான்ஸ்பர் கேப்பான், ஒருத்தனைப் போட்டுக் குடுப்பான். அதெல்லாம் ரெக்கார்டு ஆனா வம்பு.”

“சரி சார். எவ்வளவு நேரம் வரைக்கும்? அஞ்சு நிமிஷம்னு ஒரு வரம்பு வச்சிருவோமா?”

“மரியாதைக்கு வரம்பு வைக்க முடியுமாம்மா?” என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல.

நான் வாயை மூடிக்கொண்டேன். வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவள், வாய் வேண்டிய நாளில் மூடிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பெல்ட் செய்த கம்பெனிக்காரன், கேட்காமலே ஒரு சலுகை கொடுத்தான். மாதா மாதம் யார் எத்தனை முறை, எவ்வளவு நேரம் மரியாதை செலுத்தினார் என்று ஒரு பட்டியல் தானாக வரும். சௌந்தரபாண்டியன் சார் அதை அலுவலகச் சுவரில் ஒட்டினார். ஒட்டினாரா, அவ்வளவுதான்! ஊர் குனிய ஆரம்பித்தது. அவர் ஜீப்பிலிருந்து இறங்கினால் சாக்கடையென்றும் பார்க்காமல் விழுந்தார்கள். ஒருத்தர் பெல்ட்டைக் கழற்றித் தன் சின்ன மகன் இடுப்பில் மாட்டி, அவனைத் தோசையைத் திருப்புவதுபோலக் குப்புறத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தோம். மார்ச் மாதம் முதலிடம் பிடித்தவர், மதியச் சாப்பாட்டுக்கு மேல் கையை நீட்டிக் குப்புறத் தூங்குகிற பழக்கம் உள்ள மனிதர். தினமும் ஒன்றே முக்கால் மணி நேர மரியாதை. அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தும்போதும் கொட்டாவி விட்டார்.

பட்டியலின் அடியில் எப்போதும் ஒரே பெயர். அறிவுக்கரசு, ஒன்பதாம் வார்டு தொட்டி, மரியாதை பூஜ்யம்.

ஐம்பத்தெட்டு வயது. சாமி இல்லை, சகுனம் இல்லை, யார் காலிலும் விழுவதில்லை என்று வாழ்கிற மனிதர். ஆயுத பூஜைக்குப் பம்புக்குத் திருநீறு பூசச் சொன்னால், “அதுக்குக் காய்ச்சலா?” என்று கேட்பவர். சௌந்தரபாண்டியன் சாருக்கு அந்தப் பூஜ்யம் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கூப்பிட்டே கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“என்னய்யா அறிவுக்கரசு, ஒருதடவகூடவா ஒம்மால குனிய முடியல?”

“குனியுதேன் சார். வால்வு திருப்பணும்னா குனியுதேன், செருப்பு மாட்டணும்னா குனியுதேன். எங்கப்பா செத்தப்பகூடக் கன்னத்துலதான் முத்தம் குடுத்தேன், கால்ல விழல. நீங்க எங்கப்பாவ விடப் பெரியவரா?”

பெரியவர் இல்லை என்று சாரால் சொல்லவும் முடியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. அறிவுக்கரசு அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எங்கள் அலுவலகத்தில் நிமிர்ந்து நடக்கிற ஆள் என்று பார்த்தால் அவர் ஒருத்தர்தான்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு சௌந்தரபாண்டியன் சார் பால்கோவா டப்பாவோடு என் அறைக்குள் நுழைந்தார். முகமெல்லாம் பல்.

“எடுத்துக்கோம்மா. அறிவுக்கரசு விழுந்துட்டான்!”

“ஐயோ, எங்க சார்?”

“அட, அந்த விழுதல் இல்லம்மா. மரியாதை! திரையில ஓடுத பட்டியலைப் பாரு. பூஜ்யம் போச்சு, ஒண்ணு வந்துட்டு. நாப்பத்தொம்பது நிமிஷமா எந்திரிக்கவே இல்ல. இத்தன வருஷத்துக்கும் சேத்து விழுதான் பாரேன்!”

நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கதை. பால்கோவாவையும் வாயில் போட்டுக்கொண்டேன். மென்றுகொண்டே கேட்டேன், “யார் கால்ல சார் விழுந்திருக்காரு?”

“யாரோ. கவுன்சிலரா இருக்கும்.”

திரையில் அவர் இருக்கிற இடத்தைப் பார்த்தேன். தொட்டி உச்சி. அங்கே கவுன்சிலருக்கு என்ன வேலை? அவரால் முதல் மாடிக்கே லிஃப்ட் இல்லாமல் ஏற முடியாது. அக்கம்பக்கத்தில் வேறு பெல்ட்டோ போனோ எதுவும் காட்டவில்லை. அறுபதடி உயரத்தில் ஒரு மனிதர், எதிரே யாருமே இல்லாமல், நாற்பத்தொன்பது நிமிடமாகக் குப்புறக் கிடக்கிறார்.

வாயிலிருந்த பால்கோவாவைக் காகிதத்தில் துப்பினேன்.

“சார், அங்க யாருமே இல்ல.”

“அப்ப சாமி கும்பிடுதானா இருக்கும்.”

“யாரு, அறிவுக்கரசண்ணனா?”

அவருடைய போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மேலே ஏறும்போது போனைச் சைக்கிள் பையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர் அவர். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். ஏணி வண்டி பக்கத்து ஊர்த் தேரோட்டத்துக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பறக்கும் கட்டிலை அனுப்பப் பொத்தானை அழுத்தினேன். திரையில் எழுத்து வந்தது: ‘மரியாதை நேரத்தில் இடையூறு செய்ய இயலாது. துறைப் பொறியாளரின் விரல் ரேகை தேவை.’

“சார், விரலை வைங்க.”

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

“கொஞ்சம் பொறும்மா. நான் கை வச்சா, இது மரியாதை இல்ல விபத்துன்னு ஆயிரும். விபத்தை மெஷின் தவற விட்டுட்டுன்னு ஆயிரும். வெள்ளிக்கிழமை நமக்கு விருது விழா. ‘ஒரு விழுதலைக்கூடத் தவறவிடாத நகராட்சி’ன்னு பேனரே அடிச்சாச்சு. ஒருவேளை அவன் வெயில் காயப் படுத்திருந்தா?”

“மே மாசத்திலயா சார்? சிமெண்டுத் தளத்துலயா?”

“யாரையாச்சும் சைக்கிள்ல அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்லு.”

“பாத்துட்டு வந்து என்ன செய்ய? இடுப்பு முறிஞ்சிருந்தா அந்த ஏணி வழியா எப்படி இறக்குவீங்க? சாருக்குப் புரியுதா, அவரு செத்துருவாரு சார்!”

“கத்தாதே. மேலதிகாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

திட்டினேன். கெஞ்சினேன். பத்திரிகைக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். மிரட்டியதும் ஆள் இன்னும் இறுகிவிட்டார். மணி பதினொன்று ஐம்பத்தாறு. என்னிடம் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

விழுந்தேன். சௌந்தரபாண்டியன் சாரின் காலில், குப்புற, கை இரண்டும் தலைக்கு மேல் நீட்டி, நெற்றி தரையில். “நீங்கதான் சார் காப்பாத்தணும்” என்றேன்.

அந்த மனிதரின் முகம் இளகியதை நான் பார்க்கவில்லை, ஆனால் குரல் இளகியது. “எந்திரிம்மா, எந்திரி, எதுக்கு இதெல்லாம்,” என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் எனக்கு ஆசீர்வாதம் செய்தார், இன்னொரு கை விரலை ரேகைக் கண்ணாடியில் வைத்தார். கட்டில் கிளம்பியது. நான் தரையில் கிடந்தபடியே அழுதேன். பாதி பயத்தில், பாதி ஆத்திரத்தில். அறுபத்தொன்பதாவது நிமிடத்தில் கட்டில் அவரைத் தூக்கியது.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்த்தேன். காலை உயரக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கன்னமும் நெற்றியும் சிமெண்டுச் சூட்டில் வெந்து கறுத்திருந்தன. ஏணியின் மேல் படி உடைந்து, தொட்டி மூடியைப் பிடிக்கக் கையை நீட்டியபடியே விழுந்திருக்கிறார்.

“தொண்டை கிழியக் கத்துனேம்மா. இந்தப் பெல்ட்டு சனியன் ஊமையாட்டம் இருந்துச்சு. சரி, என்ன எப்படிக் கண்டுபிடிச்ச?”

“நீங்க மரியாதை செலுத்துறீங்கன்னு வந்துச்சுண்ணே. அப்பவே சந்தேகம்.”

வயிறு குலுங்கச் சிரித்தார். வலியில் பல்லைக் கடித்தார். மறுபடி சிரித்தார். “அம்பத்தெட்டு வருஷமா நிமுந்து நின்னதுக்கு இதாவது மிச்சமாச்சே!”

அவரை மேலேயிருந்து இறக்க நான் எங்கே விழுந்து கிடந்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் கட்டோடு எழுந்து என்னை அடிக்க வந்திருப்பார்.

பட்டியலில் ‘விபத்து’ என்று மாற்றிவிட்டேன் என்றேன். தலையாட்டினார்.

“ஏம்மா, என்னைய மாதிரி வேற யாரும் கெடந்தாவளா?”

அந்தக் கேள்வி நான்கு நாளாக என் தலையில் வரவேயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே உட்கார்ந்து பழைய பதிவுகளைத் தோண்டினேன். எதிரே யாருமில்லாமல் செலுத்தப்பட்ட மரியாதைகள் மட்டும். இருநூற்றுப் பதினான்கு வந்தன. பெரும்பாலும் மதியத் தூக்கம். சில பேர் பம்புக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். பிப்ரவரி மாதத்தில் ஒன்றில் கை நின்றது. ஞானதுரை, ஆற்றுப் பம்ப் ஹவுஸ். மரியாதை இரண்டு மணி பத்து நிமிடம். முடிவு: பெல்ட் கழற்றப்பட்டது.

ஞானதுரை அண்ணன் பம்ப் ஹவுஸில் இறந்து கிடந்தது எல்லோருக்கும் தெரியும். மாரடைப்பு என்றார்கள். கும்பிட்டபடியே போனார் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் சாயங்கால முறைக்கு வந்தவர் பார்த்தபோது பெல்ட் அவர் இடுப்பில்தான் இருந்தது. யாரும் கழற்றவில்லை. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பெல்ட்டுக்கு எப்படிங்க தெரியும், கழட்டியாச்சுன்னு?”

“நாடித்துடிப்பு வச்சுதாங்க மேடம். துடிப்பு நின்னா, கழட்டிட்டாங்கன்னு எடுத்துக்கும்.”

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஞானதுரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜெபராணி அக்கா தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் மிதிப்பதை நிறுத்தினார்.

“அன்னைக்கு போன்ல பேசுனது நீங்கதான? இந்தக் குரல்தான்.”

“எப்பக்கா?”

“அவரை அடக்கம் பண்ணுன மறுநாள். நாங்க முழங்கால் போட்டுத்தான் ஜெபம் பண்ணுவோம், குப்புற விழுந்து கும்பிடுத பழக்கம் அவருக்குக் கெடையாது, என்னன்னு பாருங்கன்னு சொன்னேன். நீங்க, மெஷின் தப்பா எழுதாதுக்கா, கும்பிட்டுக்கிட்டே போயிருக்காரு, குடுத்து வச்சவருன்னு சொன்னீங்க.”

சொல்லியிருப்பேன். அன்றைக்கு எத்தனை போன் வந்தது, எதுவும் நினைவில்லை. ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டு போனை வைத்திருப்பேன்.

அவர் அலமாரியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் அலுவலகம் அனுப்பிய அஞ்சலிக் கடிதம். “இதுல ரெண்டு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கும்மா?”

வாயில் ஆறேழு பொய் வந்தது. எல்லாமே நல்ல பொய்கள். அதில் எதையும் சொல்லவில்லை. ஞானதுரை அண்ணன் விழுந்ததிலிருந்து துடிப்பு நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் என்று சொன்னேன். நாலு நிமிடத்தில் வந்திருக்க வேண்டிய கட்டில் வராததற்கு நான்தான் காரணம் என்றும் சொன்னேன்.

அவர் அந்தக் காகிதத்தை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார்.

“அப்ப கூப்பிட்டிருப்பாரு.”

“ஆமாக்கா.”

“யாரைக் கூப்பிட்டாரு? என்னையா, கர்த்தரையா?”

தெரியவில்லை என்றேன். மைக்கை மூடி வைத்திருந்தோம்.